கம்பி வீல் மேலே, அலாய் கீழே

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அலாய் வீல் மீது எந்தப் பகையும் கிடையாது. பார்க்க அழகாக இருக்கும், துடைக்கச் சுலபம், டியூப் இல்லாத டயர் போடலாம், ஆணி குத்தினாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும். இதையெல்லாம் என் தம்பி என் தலைமாட்டில் உட்கார்ந்து ஒரு மாதமாக ஓதினான். மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறவன் ஓதாமல் என்ன செய்வான். என் வண்டிக்குக் கம்பி வீல்தான் வேண்டும் என்று நானும் ஒரு மாதமாகச் சொன்னேன். சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்வதில் எனக்குச் சலிப்பே வராது.

நான் பால் சங்கத்தில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவள். மாடு பருவத்துக்கு வந்து கத்தினால் வீட்டுக்காரர்கள் எனக்குப் போன் போடுவார்கள். உறைந்த விந்துக் குச்சிகள் இருக்கிற நைட்ரஜன் குடுவையை வண்டியின் பின்னால் வாரால் இறுக்கிக் கட்டிக்கொண்டு போவேன். சாயங்காலம் கத்தின மாட்டுக்கு மறுநாள் காலையில் போட வேண்டும், காலையில் கத்தினால் அன்று சாயங்காலம். நேரம் தப்பினால் ஊசி வீண். அடுத்த பருவம் வரும்வரை அந்த வீட்டில் எல்லாரும் மாட்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். லீவு, மழை, தலைவலி என்று நாம் சொல்லும் சாக்கு எதுவும் மாட்டுக்குப் புரியாது. ஊசிக்காரம்மா என்றால்தான் எல்லாருக்கும் என்னைத் தெரியும்.

எங்கள் சங்கத்துக்கு இரண்டு வழி. கீழ் வழி முழுக்கத் தார் ரோடு. மேட்டு வழி கல்குவாரியைத் தாண்டி ஏறுகிறது, லாரி போய்ப் போய் நொறுங்கிய பாறையும் நடுவில் ஓர் ஓடையுமாக. யாருக்கு எந்த வழி என்பதை எங்கள் சூப்பர்வைசர் ஆளைப் பார்த்து முடிவு செய்வதில்லை, வீலைப் பார்த்து முடிவு செய்கிறார். ஒரு தடவை ஒருவருடைய அலாய் வீல் குவாரிப் பாதையில் விரிசல் விட்டு, அவர் சங்கத்தோடு மல்லுக்கு நின்றார். அன்றிலிருந்து கம்பி வீல் மேலே, அலாய் கீழே என்று ஒரு விதி. கம்பி வீல் அடி வாங்கினால் கோணும், கோட்டம் எடுத்து நேராக்கிக்கொள்ளலாம். ஒரு கம்பி அறுந்தால் பக்கத்துக் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டு வீடு வந்து சேரலாம். அலாய் வளைந்து கொடுக்காது, உடையும் என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுதான். அந்த விதி எனக்குத் தோதாக இருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை.

ஏனென்றால் மேட்டு வழி என்னுடையது. அதை யாரும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்கவில்லை. ஒரு பொம்பளை வந்து மாட்டுக்கு ஊசி போடுவதா என்று முதலில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டுக்காரர் என் வண்டிச் சத்தம் கேட்டதும் மாட்டை அவிழ்த்துக்கொண்டு கொல்லைப்பக்கமாகவே நழுவிவிடுவார். நான் விடாமல் போய்க்கொண்டே இருந்தேன். ஒரு வீட்டில் கன்று பிறந்தது, பிறகு பக்கத்து வீட்டில், பிறகு நழுவின மனுஷரே எனக்கு மோர் கொண்டுவந்து நீட்டினார். இன்று என்னைத் தவிர வேறு யாரையும் அவர்கள் மாட்டின் வாலைத் தூக்க விடுவதில்லை. கீழ் வழியில் சூப்பர்வைசர் பின்னாலேயே வருவார், மூடியை இப்படித் திற, கையுறையை அப்படிப் போடு என்று. மேலே என் வேலைக்கு நான்தான் ராணி, இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

அந்தக் குவாரி வளைவில்தான் விழுந்தேன். ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, என் இடது தோளில் காறை எலும்பு உடைந்தது. வண்டியின் முன்வீல் கோணிப்போனது. வீல் மேலும் தப்பில்லை, பாதை மேலும் தப்பில்லை. தார் ரோட்டில் நாய் இல்லையா என்ன. வண்டியைத் தம்பி தன் கடைக்குக் கொண்டுபோனான். நான் கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தேன். அப்போது ஆரம்பித்ததுதான் இந்த வீல் புராணம்.

"அக்கா, இப்பல்லாம் யாரு கம்பி வீல் ஓட்டறா? உலகம் எங்கயோ போயிடுச்சு."

"உலகம் போகட்டும். நான் குவாரிக்குத்தான் போறேன்."

"பஞ்சர் ஆனா ஆள் இல்லாத இடத்துல டயரைக் கழட்டிக்கிட்டு உக்காந்திருப்பியா?"

"எத்தனையோ தடவை உக்காந்திருக்கேன். உன்னை எப்பவாவது கூப்பிட்டேனா?"

என் வீட்டுக்காரர் பேக்கரியில் மாஸ்டர். விடிய விடிய ரொட்டி சுட்டுவிட்டு, நான் வேலைக்குக் கிளம்புகிற நேரத்துக்கு வீடு திரும்புவார். அதிகம் பேசாத மனுஷர். அவரும் சோற்றைப் பிசைந்தபடியே, "தம்பி சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்றார்.

"என்ன நியாயம், நீங்க சொல்லுங்க கேப்போம்."

"டியூப்லெஸ்தான் நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும்னா யாரு?"

"எல்லாரும்தான்."

பேச்சு வீலைப் பற்றி, கண் என் தோள் மேல். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். மேலே போகாதே என்று இரண்டு பேரில் ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை.

டாக்டர் கைக்கட்டை அவிழ்த்துவிட்ட அன்றே தம்பி கடைக்குப் போனேன். செயினும் பிரேக் கேபிளும் தொங்குகிற வாசலுக்கு உள்ளே, என் வண்டி ஸ்டாண்டில் நின்றது. கழுவி, எண்ணெய் போட்டு, கறுப்பு அலாய் வீல்கள் மாட்டியிருந்தார்கள். தம்பி வாயெல்லாம் பல்லாக நின்றான்.

"எப்படி இருக்குக்கா?"

"என் வீல் எங்கடா?"

"இதுதான் உன் வீல்."

"என் வீல் எங்கன்னு கேட்டேன்."

"எடைக்குப் போட்டுட்டேன்கா. ரிம் கோணிப்போச்சு, கம்பியெல்லாம் துரு."

"ரெண்டு வீலுமா கோணுச்சு? பின்வீலுக்கு என் கையால கிரீஸ் வெச்சேன். அதுக்கு என்ன கேடு?"

அவன் கவுன்டரைத் துடைக்க ஆரம்பித்தான். "மாமாதான் ரெண்டையும் மாத்திடுன்னார்" என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"மாமா வேற என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை."

"டேய்."

"சங்கத்துல பேசிட்டாருக்கா. அலாய் மாத்தியாச்சு, இனிமே கீழ் ரூட்டுல போடுங்கன்னு சூப்பர்வைசர்கிட்ட போய்ச் சொல்லிட்டார். அவரும் சரின்னுட்டார். உன் நல்லதுக்குத்தான்."

என் நல்லது என் முதுகுக்குப் பின்னால் எத்தனை பேரைப் பார்த்துப் பேசிவிட்டு வந்திருக்கிறது. இந்த ஊரில் வேறு எந்தச் சங்கத்திலும் இந்தத் தந்திரம் பலிக்காது. வீலைப் பார்த்து வழி கொடுக்கிற எங்கள் சங்கத்தில்தான் ஒருத்தியை வீட்டுப் பக்கத்திலேயே கட்டிப்போட இரண்டு சக்கரத்தை மாற்றினால் போதும். என்னிடம் சண்டை போட்டு ஜெயிக்க முடியாது என்று தெரிந்து, என்னைக் கேட்காமலே ஜெயித்திருக்கிறார்கள்.

"கம்பி வீல் ஒரு ஜோடி எடு" என்றேன்.

"ஸ்டாக் இல்லைக்கா. சொல்லி வெச்சுத்தான் வரவழைக்கணும்."

பொய் சொல்லும்போது அவன் காதைச் சொறிவான். சொறிந்தான். நான் சாவியைப் பிடுங்கிக்கொண்டு அந்த அலாய் வீலிலேயே சங்கத்துக்குப் போனேன்.

சங்கத்தில் பால் கேன் கழுவுகிற சத்தம். கரும்பலகையில் கீழ் வழிக்கு நேராக என்னைப் போட்டிருந்தார்கள். மேட்டு வழிக்கு, என்னைப் போலவே ஊசி போடுகிற கண்ணாடிக்காரர். பாவம், ஓய்வு பெறுகிற நாளை எண்ணிக்கொண்டிருந்த மனுஷர், வண்டியில் கம்பி வீல் இருந்த குற்றத்துக்காகக் குவாரிப் பாதையில் மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"வாம்மா" என்றார் சூப்பர்வைசர். "கை சரியாயிடுச்சா? உனக்கு இனிமே தார் ரோடுதான். நிம்மதி."

"நான் கேக்கலையே சார்."

"உங்க வீட்டுக்காரர் வந்து கேட்டாரே."

"மாட்டுக்கு ஊசி போடறது அவரா, நானா?"

கேன் கழுவுகிற சத்தம் நின்றது. சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினார். "விதி எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. அலாய் கீழ. நாளைக்கு மேல போய் விரிசல் விட்டா யாரு பதில் சொல்றது?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தபோது போன் அடித்தது. மேலேயிருந்து ஒத்தமாட்டு அக்கா. தொழுவத்தில் ஒரே ஒரு மாடு வைத்திருக்கிறவர். அந்த ஒன்றுதான் அவர் வீட்டில் அடுப்பு எரிய வைப்பது.

"ஊசிக்காரம்மா, கை எப்படி இருக்கு? உடம்பு முடியாதவளைத் தொந்தரவு பண்றேன்னு நினைச்சுக்காத. நேத்து சாயங்காலத்துல இருந்து கத்துது. கயித்தை அறுத்துக்கிட்டுப் போயிடும் போல நிக்குது. போன தடவையும் யாரும் வரலை. இந்தத் தடவையும் தப்பிடுச்சுன்னா நான் என்ன பண்றது, நீயே சொல்லு."

நான் கண்ணாடிக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"ஓடைல தண்ணி போகுதும்மா" என்றார். "நாளைக்கு வரேன்னு சொன்னேன்."

"நாளைக்கு நீங்க வருவீங்க. மாடு அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்குமா?"

நைட்ரஜன் குடுவையைத் தூக்கினேன். காறை எலும்பு விண்ணென்று வலித்தது. வெளியே வண்டியில் வைத்துக் கட்டும்போது சூப்பர்வைசர் பின்னாலேயே ஓடிவந்தார்.

"எங்கம்மா போற?"

"மேல."

"அலாய் வீலோடயா?"

"உடைஞ்சா எடைக்குப் போட்டுடறேன். எங்க வீட்டுல அது பழக்கம்தான்."

"சொன்ன பேச்சைக் கேக்காம போனா நான் மேலிடத்துக்கு எழுத வேண்டியிருக்கும். வேலைக்கு நான் பொறுப்பில்லை, சொல்லிட்டேன்."

"எழுதுங்க சார்" என்றேன். குடுவையின் வாரை இன்னொரு சுற்று இறுக்கினேன்.

குவாரிப் பாதை தொடங்கும் இடத்தில் வண்டியின் கால்மிதியில் எழுந்து நின்றுகொண்டேன். அப்படி நின்று ஓட்டினால்தான் அடி முதுகுக்கு வராது, குடுவையும் குதிக்காது. கம்பி வீல் என்றால் கல்லில் ஏறி இறங்கும்போது கொஞ்சம் நெளிந்து கொடுக்கும், அது கைக்குத் தெரியும். இது நெளியவில்லை. ஒவ்வொரு கல்லும் நேராக மணிக்கட்டுக்கு வந்தது. நாய் குறுக்கே வந்த வளைவில் வேகத்தைக் குறைத்து இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினேன்.

ஓடையில் தண்ணீர் கால்மிதி வரைக்கும் இருந்தது. அடியில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. பாதியில் முன்வீல் ஒரு குழியில் இறங்கி, டங் என்று பாறையில் மோதியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். உடைந்திருக்கும், உடையட்டும், தூக்கிக்கொண்டு போய் அவர்கள் முகத்துக்கு நேராகக் காட்டுகிறேன் என்று நினைத்தேன். அக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு ரிம்மைச் சுற்றிலும் விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இருந்தது. விரிசல் இல்லை. டயர் கல்லைப் போல் இறுகி நின்றது. எனக்குச் சப்பென்று போய்விட்டது.

தொழுவ வாசலிலேயே ஒத்தமாட்டு அக்கா நின்றார். சிவப்பு மாடு கயிற்றை இழுத்தபடி கத்திக்கொண்டிருந்தது. வாலைத் தூக்கிப் பார்த்தேன். ஒழுக்கு இன்னும் தெளிவாக, அறுபடாமல் நூலாக இறங்கியது. நேரம் தப்பவில்லை. குச்சியை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு எடுத்து, துடைத்து, ஊசிக் குழலில் ஏற்றினேன். இடது கையைத்தான் உள்ளே விட வேண்டும், உடைந்ததும் இடது தோள்தான். மாடு ஒரு தடவை முக்கியபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கையை எடுக்கவில்லை. பிடி கிடைத்ததும் மெதுவாக அழுத்தி இறக்கினேன். முடித்துவிட்டு வெளியே வந்து மண்சுவரில் சாய்ந்து நின்றேன்.

அக்கா கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வண்டியைப் பார்த்தார். "வண்டி புதுசா?"

"வீல் மட்டும்."

"பளபளன்னு நல்லாத்தான் இருக்கு."

"இருக்கும், இருக்கும்."

"இனிமே நீ கீழதான்னு அந்தக் கண்ணாடிக்காரர் சொன்னாரே."

"அவருக்குக் கண்ணாடி போட்டும் சரியாத் தெரியலை."

அவர் சிரிக்கவில்லை. செம்பைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நீதானே வருவ?" என்று கேட்டார்.

"நான்தான் வருவேன்" என்றேன். சொன்ன பிறகுதான் யாரைக் கேட்டுச் சொன்னேன் என்று யோசித்தேன். யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று தோன்றியது.

நான் திரும்பி வந்தபோது சங்கத்து வாசலில் ஒரு பஞ்சாயத்தே கூடியிருந்தது. சூப்பர்வைசர் போன் போட்டு இரண்டு பேரையும் வரவழைத்திருந்தார். என் வீட்டுக்காரர் தூக்கத்தில் எழுந்து வந்த முகத்தோடு நின்றார். தம்பி கடைக்கு ஆள் போட்டுவிட்டு வந்திருந்தான். கேன் கழுவுகிற குழாயை இழுத்து இரண்டு வீலையும் சேறு போகக் கழுவினேன்.

"பாருங்க" என்றேன்.

தம்பி குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். வீலைச் சுற்றிவிட்டு ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். நடுவிலிருந்து ரிம்முக்கு ஓடும் ஒவ்வொரு கிளையையும் நகத்தால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டான். பின்வீலுக்கும் அப்படியே. பிறகு எழுந்து, "ஒண்ணும் ஆகலை சார். சரக்குன்னா இது சரக்கு. நான் சொன்னேன்ல" என்றான், மார்பு நிமிர்த்தி. வியாபாரி புத்தி. பக்கத்தில் அவன் மாமாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு விளங்கியது. முகம் தொங்கிப்போயிற்று.

"கேட்டீங்களா சார்" என்றேன். "அலாய் மேல போகாதுன்னு நீங்க சொன்னீங்க. நானும்தான் ஒரு மாசமா அதையே சொன்னேன். ரெண்டு பேரும் தப்பு. போயிட்டு வந்திருக்கு. கம்பி வீல் வெச்ச ஆளு போகலை, அலாய் வெச்ச ஆளு போயிருக்கா. இனிமே வீலைப் பாக்காதீங்க, ஆளைப் பாருங்க."

"விதின்னு ஒண்ணு இருக்கும்மா."

"அந்த விதி அந்த அக்கா மாட்டுக்கு ஊசி போடுமா?"

சூப்பர்வைசர் உள்ளே திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்காரர் அதற்குள் பலகையில் மேட்டு வழிக்கு நேராக இருந்த தன் பெயரைக் கைக்குட்டையால் துடைத்து முடித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி நின்றார். சூப்பர்வைசர் பெருமூச்சு விட்டுச் சாக்பீஸை எடுத்தார்.

"விரிசல் விட்டா உன் பொறுப்பு."

"என் வண்டி. எப்பவும் என் பொறுப்புதான்."

வீட்டுக்காரர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தார், வீட்டுக்கு வந்து படுத்தார், சாயங்காலம் எழுந்து பேக்கரிக்குப் போனார். நானும் பேச்சுக் கொடுக்கவில்லை. யார் முதலில் இறங்கி வருவது என்று நான் முறைத்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் காலையில் மேலேயிருந்து இன்னொரு வீட்டில் கூப்பிட்டார்கள். நடையில் நிறுத்தியிருந்த வண்டியை வாசலுக்குத் தள்ளினேன். அவர் அப்போதுதான் வேலை முடித்து வந்து வாசற்படியில் நின்றார். முழங்கை வரைக்கும் மாவு ஒட்டியிருந்தது. செருப்பைக் கழற்றவில்லை, வழியும் விடவில்லை.

"அலாயும் ஏறிடுச்சு" என்றார்.

"ஏறிடுச்சு."

"இனிமே நான் எதைச் சொல்லி உன்னை நிறுத்தறது?"

"வீலை விடுங்க. தம்பிகிட்ட சொன்னீங்க, சூப்பர்வைசர்கிட்ட சொன்னீங்க. என்கிட்ட ஒரு தடவை சொல்லிப் பாருங்க."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அதில் மாவு ஒட்டியது.

"போகாத" என்றார். "அன்னிக்கு ஆஸ்பத்திரில உன் சட்டையைக் கத்தரிச்சு எடுத்தாங்க. நீ மயக்கத்துல இருந்த. நான் அங்கயே நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்கு இன்னொரு தடவை பாக்கத் தெம்பு இல்லை. போகாத."

வீலைப் பற்றி என்றால் நான் விடிய விடியச் சண்டை போடுவேன். இது வீலைப் பற்றியது இல்லை. அந்த மனுஷர் மேல் இருந்த கோபம் போய், கட்டிப்பிடித்து அழ வேண்டும் போல இருந்தது. வண்டியை உள்ளே தள்ளி நிறுத்திவிட்டால் அவர் நிம்மதியாகத் தூங்குவார். அதுவும் எனக்குத் தெரிந்தது.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றேன். "அந்த வளைவு வந்தா இன்னும் நாயைத்தான் தேடறேன். ஆனாலும் போவேன். நீங்க நாளைக்கும் சொல்லுங்க, என் மூஞ்சியைப் பாத்தே சொல்லுங்க. நான் நாளைக்கும் போவேன்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் ஹேண்டில்பாரை விடவில்லை.

"நகருங்க" என்றேன்.

நகர்ந்தார்.